மாத்திரையும் சோறும்

காசநோய்க் கிருமிக்கு அவசரம் கிடையாது. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்துவிடும். 1882இல் ராபர்ட் கோக் கண்டறிந்த காசநோய்க் கிருமியோ ஒருமுறை பிரிவதற்கே ஏறத்தாழ இருபது மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. சில கிருமிகள் பெருகாமலே நெடுநாள் அடங்கிக் கிடக்கும். அப்படிக் கிடப்பவற்றை மருந்து எளிதில் அழிப்பதில்லை. மற்ற பல தொற்றுகளுக்கு ஐந்து நாள், ஏழு நாள் மாத்திரை போதும் என்றால் காசநோய்க்கு மாதக்கணக்கில் விழுங்க வேண்டியிருப்பது இதனால்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே காய்ச்சல் விடும், இருமல் தணியும், பசி எடுக்கும். நோய் போய்விட்டது என்று நோயாளி நினைத்து மாத்திரையை நிறுத்துவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

கிருமி உள்ளே போனவர்கள் எல்லோரும் நோயாளி ஆவதில்லை என்பது இந்நோயின் இன்னொரு இயல்பு. நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகள் வழியே கிருமி பிறருடைய நுரையீரலுக்குள் நுழைகிறது. நுழைந்த இடத்தில் உடலின் எதிர்ப்பாற்றல் அதைச் சுற்றி வளைத்து அடக்கிவிடுகிறது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இப்படிக் கிருமியைச் சுமந்திருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் வாழ்நாளில் நோய்வாய்ப்படுவது 100க்கு 5 முதல் 10 பேர். எச்.ஐ.வி., சர்க்கரை நோய், புகை, மது, ஊட்டக்குறைவு ஆகியவை அந்த எதிர்ப்பாற்றலைத் தளர்த்தும்போது, பல ஆண்டுகளுக்கு முன் புகுந்த கிருமிகூட நோயாக மாறும்.

மருந்து இல்லாத காலத்தில் சானடோரியம்தான் சிகிச்சை. ஊருக்கு வெளியே, நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பதும் பால், முட்டை, இறைச்சி என்று தெம்பான சாப்பாடு சாப்பிடுவதுமே வைத்தியம். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய இந்த முறை தென்னிந்தியாவுக்கும் வந்தது. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915இல் கிறித்தவ மிஷன்கள் ஒரு சானடோரியம் தொடங்கின. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கியதைப் பின்னர் அரசு எடுத்துக்கொண்டது. சென்னைப் புறநகர் ரயிலில் போகிறவர்கள் சானடோரியம் என்ற பெயரை இன்றும் ஒரு நிலையப் பலகையில் பார்க்கலாம்.

1940களில் நிலைமை மாறியது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, அதையடுத்து, பாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும், 1952இல் ஐசோனியசிட்டும் வந்தன. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் சில மாதங்களில் அதற்குப் பணியாத கிருமிகள் தலையெடுக்கும் என்பது பிரிட்டனில் நடந்த ஆய்வில் தெரிந்தது. 1948இல் வெளிவந்த அந்த ஆய்வுதான், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானித்த நவீன மருந்து ஆய்வுகளுக்கு முன்னோடி. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் குணமாகும் என்று பணக்கார நாடுகள் கற்றுக்கொண்டன. ஆனாலும் அந்த மருந்துகளை அவை சானடோரியப் படுக்கையில் வைத்துத்தான் கொடுத்தன. பழைய வைத்தியத்தைக் கைவிட யாருக்கும் துணிவு வரவில்லை. படுக்கைகள் இருந்ததால் கைவிட வேண்டிய தேவையும் எழவில்லை.

இந்தியாவில் அந்த வசதி கிடையாது. பல லட்சம் பேர் நோயைப் பரப்பும் நிலையில் இருந்தார்கள். காசநோய்ப் படுக்கைகளோ சில ஆயிரங்களில் எண்ணக்கூடியவை. 1950களில் நாடு தழுவி நடந்த கணக்கெடுப்பு, நோய் நகரத்தில் இருக்கும் அளவுக்குக் கிராமத்திலும் இருக்கிறது என்று காட்டியபோது, படுக்கை கட்டித் தீர்க்கும் திட்டமெல்லாம் கணக்கிலேயே அடிபட்டுப்போனது. எனவே கேள்வி இப்படி எழுந்தது: மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

இதைச் சோதிக்க 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. சேத்துப்பட்டில் இன்றிருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சிதான். பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வை வழிநடத்தினார். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது. மற்றது வீட்டிலேயே இருந்தது. இரு பிரிவுக்கும் மருந்து ஒன்றேதான்: ஐசோனியசிட்டும் பாஸும், ஒரு வருடம். மருந்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வேறுபாடு இருந்தது. சானடோரியத்தில் ஓய்வு, செவிலியர் கவனிப்பு, சத்தான உணவு. வீட்டில் நெருக்கடியான ஒற்றை அறை, அரைகுறைச் சாப்பாடு, உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம்.

ஆய்வில் சிரமமான பகுதி, மாத்திரை உண்மையிலேயே வயிற்றுக்குள் போகிறதா என்று அறிவது. பாஸ் விழுங்குவதற்குச் சுலபமான மருந்தல்ல. ஒரு நாளைக்குக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும். குமட்டும், வயிற்றைப் புரட்டும். வாங்கிக்கொண்டு போனவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தவறாமல் சாப்பிட்டேன் என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால் மையத்தின் சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போனார்கள். டப்பாவைத் திறந்து, தேதிப்படி இருக்க வேண்டிய மாத்திரைகள்தான் இருக்கின்றனவா என்று எண்ணினார்கள். அங்கேயே சிறுநீர் வாங்கிப் போய், மருந்தின் தடயம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்தார்கள். மருந்து உட்கொள்வதை நோயாளியின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடாமல் அளந்து பார்க்க வேண்டிய ஒன்றாக இந்த ஆய்வு நடத்தியது. முடிவின் மேல் பின்னால் பிறந்த நம்பிக்கைக்குப் பாதிக் காரணம் இந்தக் கண்டிப்பு.

முடிவுகள் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தன. ஒரு வருட முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியக்காரர்கள் எடை அதிகம் கூடியிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் சளியில் கிருமி ஒழிவதைப் பொறுத்தவரை இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும் நோய் திரும்பும் அளவு இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

இதைவிட எதிர்பாராதது குடும்பத்தினர் பற்றிய முடிவு. வீட்டில் சிகிச்சைக்கு எதிராகச் சொல்லப்பட்ட பெரிய வாதமே, குழந்தை குட்டிகளுக்குத் தொற்றிவிடும் என்பதுதான். இரு பிரிவு நோயாளிகளின் குடும்பத்தினரையும் ஐந்து ஆண்டுகள் கண்காணித்ததில், வீட்டிலிருந்த நோயாளியின் குடும்பத்தில் நோய் கூடுதலாக வரவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பான மாதங்களிலேயே, யாருக்கும் தெரியாமல் இருமிக்கொண்டிருந்த காலத்திலேயே, தொற்ற வேண்டியது தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கிய பின் நோயாளியின் தொற்றும் தன்மை விரைவாகக் குறைகிறது. தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை என்று ஒதுக்கிவைப்பதில் பயன் ஏதும் இல்லை என்பதற்கு அன்றே ஆதாரம் கிடைத்துவிட்டது. ஒதுக்கிவைக்கும் வழக்கம் அப்படியொன்றும் ஒழிந்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

ஏழை நாட்டுக்கு வேறு வழியில்லாததால் தேடிய தீர்வு, பணக்கார நாடுகளுக்கும் வழியானது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சென்னை மையம் அதே கையோடு அடுத்த பிரச்சினைக்குப் போனது. தினமும் வீட்டில் தானே விழுங்குவதற்குப் பதில், வாரத்துக்கு இருமுறை மையத்துக்கு வந்து பணியாளர் கண்முன் மருந்து எடுத்துக்கொண்டால் போதுமா? 1964இல் வெளியான முடிவு போதும் என்றது. பிறர் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் முறைக்கு இது அடித்தளம். 1970களில் ரிஃபாம்பிசின் சேர்ந்ததும், கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகள் சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகக் குறைத்தன. தான்சானியாவில் கரேல் ஸ்டிப்லோ இவற்றையெல்லாம் நாடு முழுவதற்குமான திட்டமாக நடத்திக் காட்டினார். மருந்து தவறாமல் வந்து சேர்வது, நுண்ணோக்கியில் சளி பார்ப்பது, ஒவ்வொரு நோயாளியின் கதியையும் பதிவேட்டில் எழுதுவது ஆகியவை அதன் உயிர்நாடி. காசநோயை உலகளாவிய நெருக்கடியாக 1993இல் அறிவித்த உலக சுகாதார நிறுவனம், அடுத்த சில ஆண்டுகளில் டாட்ஸ் என்ற பெயரில் இந்த முறையை உலகெங்கும் கொண்டுசென்றது. அதில் ஒரு குறையும் இருந்தது. மாத்திரை விழுங்குவதற்காக வாரம் மூன்று நாள் சுகாதார நிலையத்துக்கு நடந்துபோகும் கூலித் தொழிலாளி அந்த நாள்களின் கூலியை இழந்தார். கண்காணிப்பின் செலவைச் சத்தமில்லாமல் நோயாளியின் தலையில் கட்டியது அந்தத் திட்டம்.

சிகிச்சை கிடைத்துவிட்டது, நோயாளிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? எக்ஸ்ரே வண்டிகளை ஊர் ஊராக ஓட்டுவதுதான் மேற்கு நாடுகளின் வழி. பெங்களூரில் 1959இல் தொடங்கப்பட்ட தேசியக் காசநோய் நிலையத்தைச் சேர்ந்த டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் வேறு மாதிரி பார்த்தார்கள். நோய் இருப்பதாகக் கணக்கெடுப்பில் தெரிந்தவர்களிடம் போய், உடம்புக்கு என்ன செய்தது, என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார்கள். 95 சதவீதத்தினருக்குத் தங்கள் அறிகுறிகள் தெரிந்திருந்தன. 72 சதவீதத்தினர் அதை நினைத்துக் கவலைப்பட்டிருந்தார்கள். 52 சதவீதத்தினர் ஏற்கெனவே ஆங்கில மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்தவர்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து. ஏழைகளுக்கு அறியாமை, மூடநம்பிக்கை, அதனால் வைத்தியத்துக்கு வருவதில்லை என்ற பேச்சு 1963இல் வெளியான இந்த ஆய்வின் முன் நிற்கவில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்பியது மருத்துவமனைதான். தொடர்ந்து இருமலோடு வருகிறவரின் சளியை எடுத்துப் பார்ப்பது என்ற எளிய விதி தேசியத் திட்டத்துக்கு அடிப்படையானதில் இந்த ஆய்வின் பங்கு பெரிது.

தடுப்பில் அப்படியொரு நல்ல செய்தி கிடைக்கவில்லை. பி.சி.ஜி. ஊசி சில நாடுகளில் நன்றாகவும் சில நாடுகளில் மோசமாகவும் பலன் தந்திருந்ததால், அதை ஐயமறச் சோதிக்க 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூரை ஒட்டிய ஊர்களில், ஒரு மாபெரும் ஆய்வு தொடங்கியது. பங்கேற்றவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. ஏழரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும், பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கும் திறன் அந்த ஊசிக்கு இல்லை என்றே தெரிந்தது. வெப்பநாடுகளின் மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான தீங்கற்ற கிருமிகளோடு மக்களுக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. அது ஊசியின் பலனை மறைத்துவிடுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை பி.சி.ஜி. தடுக்கிறது என்பதால் பிறந்தவுடன் போடும் வழக்கம் தொடர்கிறது. பெரியவர்களுக்கான நல்ல தடுப்பூசியை உலகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் சிகிச்சை, நுண்ணோக்கி, ஆறு மாத மருந்து எல்லாம் கைவந்தும் இந்தியாவில் நோய் எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை. ஏன் என்பதற்கு 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு ஒரு பகுதி விடை தந்தது. உறுதியான நோயாளிகளில் 100க்கு 40க்கும் மேற்பட்டவர்கள் எக்ஸ்ரேயால் மட்டுமே பிடிபட்டார்கள்; இருமல், காய்ச்சல் என்று கேட்டுக்கொண்டு போயிருந்தால் தப்பியிருப்பார்கள். அறிகுறி இருந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எங்கும் வைத்தியத்துக்குப் போயிருக்கவில்லை. மருத்துவமனை வாசலில் காத்திருந்தால் போதும் என்ற பெங்களூர் விதிக்கு எல்லை உண்டு என்பது இதில் தெரிகிறது. வியட்நாமின் தென்கோடியில் உள்ள கா மாவ் மாகாணத்தில் நடந்த ஆய்வு இந்த எல்லையைத் தாண்டிப் பார்த்தது. 60 பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெரியவர்கள் எல்லோருடைய சளியையும் மரபணுச் சோதனை செய்தார்கள். மூன்று ஆண்டுகள் இப்படிச் செய்தபின், நான்காம் ஆண்டில் அந்தப் பகுதிகளில் லட்சத்துக்கு 126 பேருக்கு நோய் இருந்தது. வழக்கமான முறை மட்டும் நடந்த மற்ற 60 பகுதிகளில் 226 பேர். பலன் பெரிது, செலவும் பெரிது.

இன்னொரு விடை தட்டில் இருந்தது. 1959 முடிவிலிருந்து, காசநோய்க்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் மெல்ல ஊன்றிவிட்டது. சென்னை ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. மருந்தை ஒழுங்காக உட்கொள்ளும் நோயாளிக்குக் கிருமி ஒழிய, தெம்பான உணவு இன்றியமையாததா என்பதே அது கேட்ட கேள்வி. உள்ளே ஒளிந்திருக்கும் கிருமி நோயாக எழாமல் உணவு தடுக்குமா என்ற கேள்வியை அது தொடவில்லை. இங்கிலாந்தில் மருந்துகள் வருவதற்கு வெகு முன்பே, வாழ்க்கைத்தரம் உயர உயரக் காசநோய் மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன. ஆனால் உணவு, வீடு, கூலி எல்லாம் ஒன்றாக மாறிய காலத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்ல ஒரு சோதனை வேண்டியிருந்தது.

அந்தச் சோதனை ஜார்க்கண்டில் நடந்தது. ராஞ்சி, கிழக்கு சிங்பூம், மேற்கு சிங்பூம், சராய்கேலா கர்சவான் ஆகிய நான்கு மாவட்டங்களில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய ஆய்வில், 2,800 காசநோயாளிகளும் அவர்களுடைய வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரும் சேர்க்கப்பட்டார்கள். அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரின் தலைமையில், சென்னை நிறுவனத்தின் துணையோடு நடந்த ஆய்வு அது. நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ எடையுள்ள பொட்டலம் ஆறு மாதம் கொடுக்கப்பட்டது: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். கூடவே சத்து மாத்திரை. வேறுபாடு குடும்பத்தினரில்தான். ஒரு பிரிவில் அவர்களுக்கு எதுவும் இல்லை. மற்றதில் வீட்டிலிருந்த பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 750 கலோரி, 23 கிராம் புரதம்.

2023 ஆகஸ்டில் முடிவு வெளிவந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய, சளியில் உறுதியாகும் நுரையீரல் வகை 48 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் தந்த இந்தப் பாதுகாப்பு, பல தடுப்பூசிகளின் பாதுகாப்போடு ஒப்பிடத் தக்கது. நோயாளிகளிடமும் ஒன்று தெரிந்தது. அவர்களில் ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் சிகிச்சை தொடங்கும்போதே ஊட்டக்குறைவோடு இருந்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு மரண அபாயம் ஏறத்தாழ 60 சதவீதம் குறைவாக இருந்தது. இதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். நோயாளிகள் எல்லோருக்கும் உணவு கொடுக்கப்பட்டதால் இந்தப் பகுதியில் குலுக்கல் ஒப்பீடு இல்லை. பிழைக்கக்கூடியவருக்கு எடை ஏறியது என்றும் வாதிடலாம். குடும்பத்தினர் பற்றிய முடிவுக்கு அந்த ஐயம் கிடையாது.

சாகும் அபாயம் யாருக்கு அதிகம் என்று முன்கூட்டியே பிரிக்கும் வேலையைத் தமிழ்நாடு 2022இல் தொடங்கியது. காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்பது பெயர். நோய் உறுதியானதும் செவிலியர் உயரமும் எடையும் பார்க்கிறார், கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார், நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு வாங்குகிறது என்று எண்ணுகிறார், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறார், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்கிறார். மூச்சு 24ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 94க்குக் கீழே போனாலோ, நிற்க முடியாவிட்டாலோ, உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தாலோ உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இதற்கு எக்ஸ்ரேயோ சிறப்பு மருத்துவரோ தேவையில்லை. வீடே போதும் என்று காட்டிய மாநிலத்தில் இப்போது சிலருக்குப் படுக்கை வேண்டும் என்று சொல்லப்படுகிறது. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நிகழ்கிறது, அந்த வாரங்களைக் கடப்பதற்குத்தான் படுக்கை.

உணவு விஷயத்தில் ஆய்வுக்கும் திட்டத்துக்கும் இன்னும் இடைவெளி இருக்கிறது. 2018 முதல் இந்திய அரசு காசநோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டது; 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். பணம் வருவது சிகிச்சையிலிருக்கும் நோயாளிக்கு. ஜார்க்கண்டில் நோயைத் தடுத்ததோ, நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த அரிசியும் பருப்பும். அவர்களுக்கான பொட்டலம் பெரும்பாலும் தாமாக முன்வரும் நன்கொடையாளர்களை நம்பியிருக்கிறது. நன்கொடையாளர் கிடைக்காத ஊரில், நோயாளிக்கு வரும் ஆயிரம் ரூபாயில் வாங்கும் பருப்புதான் வீட்டில் எல்லோருக்கும் பங்காகிறது.